ஆயா கையில் படிகாரம். பேரன் கையில் பாடப்புத்தகம்!

பசியாவரம், பழவேற்காடு ஏரியில் உள்ள மீனவர் ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். படகு, வலை, இறால், நண்டு, மடவை இவைதான் அங்கே காலை முதல் இரவு வரை பேச்சு.

ஒரு மழைக்காலத்தில் அந்த ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் தலையை ஆட்டி ஆட்டிப் பாடம் உருப்போட்டுக்கொண்டிருந்தான்.

"சோடியம் ஒன்று. மக்னீசியம் இரண்டு. அலுமினியம் மூன்று. குளோரின் ஒன்று. ஆக்சிஜன் இரண்டு..."

"என்ன தம்பி இது?" என்று கேட்டேன்.

"இணைதிறன் சார். நாளைக்குப் பரீட்சை" என்றான்.

"இணைதிறன் என்றால் என்ன?"

அவன் விழித்தான். பிறகு, "அதெல்லாம் தெரியாது சார். நம்பர்தான் கேப்பாங்க" என்றான்.

சிறிது நேரம் கழித்து அவனே சொன்னான்: "போன பரீட்சையில அறிவியல்ல ஃபெயில் சார். இந்தத் தடவையும் போச்சுன்னா, படகுக்கு வந்துடுன்னு அப்பா சொல்லிட்டாரு."

அவனுக்கு நாலு அடி தள்ளி அவனுடைய ஆயா உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பித்தளைக் குடம். குடத்தில் மழையில் கலங்கிய தண்ணீர். ஆயா ஒரு படிகாரக் கட்டியை எடுத்தார். தண்ணீருக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றினார். கட்டியை எடுத்துத் துடைத்து மாடத்தில் வைத்துவிட்டார். சற்று நேரத்தில் சேறு எல்லாம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கியது. மேலே தெளிந்த தண்ணீர்!

பையன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அலுமினியம் மூன்று, அலுமினியம் மூன்று" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அங்கேதான் வேடிக்கை! அவன் உருப்போட்ட அந்த "மூன்று"தான் ஆயாவின் குடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. அது பையனுக்குத் தெரியாது. ஆயாவுக்கும் தெரியாது. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இது அந்தப் பையனின் குற்றமா? இல்லை. பாடத்தைத் தொடங்கும் இடம் தவறு. இதுதான் என் கருத்து. இணைதிறனை அட்டவணையில் தொடங்காதீர்கள். அடுப்பங்கரையில் தொடங்குங்கள். ஏரிக்கரையில் தொடங்குங்கள். அட்டவணை கடைசியில் தானாக வரும்.

அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். இதோ, முயன்று பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகாத தாய்மார்களும் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அணுவுக்குள் ஒரு பந்தி

உலகில் உள்ள எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் கரு இருக்கிறது. கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. எலக்ட்ரான் என்பது மிக மிகச் சிறிய மின் துகள்.

இந்த எலக்ட்ரான்கள் கண்ட இடத்தில் இருப்பதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் 2 இலை. இரண்டாம் வரிசையில் 8 இலை. மூன்றாம் வரிசையில், நம் கணக்குக்கு, 8 இலை. முதல் வரிசை நிரம்பிய பிறகே இரண்டாம் வரிசையில் ஆள் உட்காருவார்கள். அது நிரம்பிய பிறகே மூன்றாவது.

சோடியத்துக்கு 11 எலக்ட்ரான். முதல் வரிசையில் 2, இரண்டாவதில் 8. ஆயிற்று பத்து. மிச்சம் ஒருவர் மூன்றாம் வரிசையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

குளோரினுக்கு 17 எலக்ட்ரான். 2, 8, அப்புறம் 7. கடைசி வரிசையில் ஒரே ஓர் இலை காலி.

இனி என்ன நடக்கும்? சொல்லவே வேண்டாம். தனியாக உட்கார்ந்திருக்கும் சோடியத்தின் எலக்ட்ரான், குளோரினின் காலி இலைக்குப் போய்விடுகிறது. இரண்டு பேருக்கும் நிறைவு! சோடியம் கொடுப்பது ஒன்று. குளோரின் வாங்குவது ஒன்று. அதனால்தான் சோடியத்தின் இணைதிறன் ஒன்று. குளோரினின் இணைதிறனும் ஒன்று.

இணைதிறன் என்றால் ஓர் அணு மற்ற அணுவோடு சேர நீட்டும் கைகளின் எண்ணிக்கை. அவ்வளவுதான்! அந்தக் கைகள் எத்தனை என்பதைக் கடைசி வரிசை சொல்லிவிடும்.

கொடுத்து வாங்குவது ஒரு முறை. ஓர் இலையில் இருவர் பகிர்ந்து உண்பது இன்னொரு முறை. தண்ணீர் அப்படிப்பட்டது. ஆக்சிஜனின் கடைசி வரிசையில் இரண்டு இலை காலி. அதற்கு இரண்டு ஹைட்ரஜன்கள் வந்து பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று.

பந்தி என்பது புரிவதற்குச் சொன்ன உவமைதான். எலக்ட்ரான்கள் மனிதர்களைப் போல் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதில்லை. மேலே போகப் போகக் கணக்கும் சிக்கலாகும். மூன்றாம் வரிசையில் உண்மையில் 18 பேருக்கு இடம் உண்டு. அதைப் பெரிய வகுப்பில் படித்துக்கொள்ளலாம். வாசலைத் திறக்க இந்தப் பந்தி போதும்.

நஞ்சு இரண்டு சேர்ந்து உப்பு!

சோடியம் தனியாக இருந்தால் எப்படிப்பட்டது தெரியுமா? கத்தியால் வெட்டக்கூடிய மெல்லிய உலோகம். தண்ணீரில் போட்டால் சீறும்; தீப்பிடிக்கும். கடைசி வரிசையில் தனியாக நிற்கும் அந்த ஓர் எலக்ட்ரானைத் தள்ளிவிட அதற்கு அவ்வளவு அவசரம். 1807-ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேயர் மின்சாரத்தைப் பாய்ச்சித்தான் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்.

குளோரின்? அது மஞ்சளும் பச்சையும் கலந்த நச்சுக் காற்று. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22-ந் தேதி, பெல்ஜியத்தில் ஈப்ரு என்ற ஊருக்கு அருகே ஜெர்மன் படை அதைத் திறந்துவிட்டது. எதிரே இருந்த படைவீரர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள்.

தீப்பிடிக்கும் ஒன்று, மூச்சை அடைக்கும் ஒன்று. இரண்டும் கை கோத்தால்? நாம் சோற்றில் போடும் உப்பு! கருவாட்டுக்குத் தடவும் உப்பு! பழவேற்காடு ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு!

ஓர் எலக்ட்ரான் இடம் மாறியது. கொல்லும் பொருள்கள் காக்கும் பொருளாகிவிட்டன. இதைக் கதையாகச் சொன்னால் எந்தப் பிள்ளை மறப்பான்?

அடுப்பில் தெரியும் எலக்ட்ரான்

"எலக்ட்ரானைக் கண்ணால் பார்க்க முடியுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதைப் பார்க்க முடியாது. அது செய்யும் வேலையைப் பார்க்கலாம். எங்கே? உங்கள் வீட்டு அடுப்பில்!

கேஸ் அடுப்பு நீலமாக எரிகிறது. உப்புப் போட்ட குழம்பு பொங்கி வழிந்தால் என்ன ஆகிறது? சுடர் பளிச்சென்று மஞ்சளாகிறது. எல்லாத் தாய்மார்களும் பார்த்திருப்பார்கள். அந்த மஞ்சள், சோடியத்தின் நிறம். சோடியத்தின் கடைசி வரிசை எலக்ட்ரான் சூட்டில் மேலே தாவுகிறது. திரும்பக் கீழே இறங்கும்போது மஞ்சள் ஒளியை வீசுகிறது.

இந்த மஞ்சளைப் பற்றி நம் கடற்கரையிலேயே நடந்த கதை ஒன்று உண்டு.

1868 ஆகஸ்ட் 18-ந் தேதி முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்கப் பல நாட்டு விஞ்ஞானிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் குண்டூரில் இருந்து பார்த்தார். சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்து பார்த்தார். பழவேற்காட்டில் இருந்து கடற்கரையோடு வடக்கே போனால் வருவதுதான் அந்த மசூலிப்பட்டினம்.

சூரியனின் விளிம்பில் எழுந்த சுடரின் ஒளியைக் கருவியால் பிரித்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் மஞ்சள் கோட்டுக்கு மிக அருகில் அது இருந்தது. ஆனால் அதே இடத்தில் இல்லை! அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர் அதை ஆராய்ந்தார். இது உப்பின் மஞ்சள் அல்ல, புதிய தனிமத்தின் மஞ்சள் என்ற முடிவுக்கு வந்தார். சூரியனுக்குக் கிரேக்க மொழியில் ஹீலியோஸ் என்று பெயர். அதனால் புதிய தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அது 1895-ல்தான் அகப்பட்டது.

ஹீலியத்துக்கு 2 எலக்ட்ரான். முதல் வரிசையில் 2 இலை. வரிசை நிறைந்துவிட்டது! கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். அதன் இணைதிறன் பூஜ்யம். ஹைட்ரஜனுக்கோ 1 எலக்ட்ரான். இன்னும் ஓர் இலை காலி. அது சும்மா இராது.

திருவிழாவில் பறக்கும் பலூன் வாங்குகிறோம். உள்ளே ஹைட்ரஜன் இருந்தால், பீடி நெருப்புப் பட்டால்கூடக் குப்பென்று பற்றும். குழந்தையின் முகம் கருகும். ஹீலியம் இருந்தால் தீப்பற்றாது. இரண்டும் பறக்கும். பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் கடைசி வரிசையில்! ஹீலியத்தை அடைத்திருக்கும் உருளையும் அழுத்தத்தால் வெடிக்கக்கூடியது என்பதால், அதன் பக்கத்திலும் குழந்தைகளை விடக்கூடாது.

சோப்பு ஏன் நுரைக்கவில்லை?

பசியாவரத்துப் பெண்களைக் கேளுங்கள். ஏரித் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காது என்று உடனே சொல்வார்கள். துணியில் வெள்ளையாகப் பிசுபிசு என்று ஏதோ ஒட்டிக்கொள்ளும். சோப்புத்தான் கரைந்து போகும், அழுக்குப் போகாது.

"உப்புத் தண்ணீர், அதனால்தான்" என்பார்கள். அது பாதி உண்மை. மீதி உண்மை என்ன?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அவை எல்லாம் சாப்பாட்டு உப்பு அல்ல. அதில் மக்னீசியம் ஒரு கிராமுக்கு மேலே இருக்கிறது. கால்சியம் சுமார் 0.4 கிராம் இருக்கிறது. மக்னீசியத்தின் எலக்ட்ரான் 12: வரிசை 2, 8, 2. கால்சியத்தின் எலக்ட்ரான் 20: வரிசை 2, 8, 8, 2. இரண்டுக்கும் கடைசியில் 2. ஆகவே இரண்டுக்கும் இரண்டு கை.

சோப்பில் இருப்பது சோடியம். ஒரு கைக்காரர். அவர் சோப்பை ஒரு கையால் பிடித்திருக்கும்வரை சோப்பு தண்ணீரில் கரையும். இரண்டு கைக்காரரான கால்சியமோ மக்னீசியமோ வந்தால், ஒரு கைக்கு ஒரு சோப்பாக இரண்டைப் பிடித்துக்கொள்கிறார். அந்தக் கூட்டு கரைவதில்லை. வெள்ளைப் பிசினாகப் படிந்துவிடுகிறது. மேலும் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு மிகுதியாக இருப்பதும் சோப்பைக் கரைய விடாது.

ஆக, ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் சோப்புச் செலவில் தெரிகிறது. பரீட்சைத் தாளில் மட்டும் இருக்கும் சங்கதியா இது?

இதே இரண்டு கைக் கால்சியம்தான் ஏரிச் சிப்பியிலும் இருக்கிறது. சிப்பியைச் சூளையில் சுட்டால், கரியமிலக் காற்று வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கால்சியத்துக்கு இரண்டு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு கை. ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று! அதில் தண்ணீர் விட்டு நீற்றிச் சுவருக்குப் பூசினால், காற்றில் உள்ள கரியமிலக் காற்றைப் பிடித்து மெல்ல மெல்ல மறுபடியும் சிப்பியில் இருந்த பொருளாகவே இறுகும். ஆயா வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்புதான்.

மூன்று கைக்காரர்

இப்போது ஆயாவின் குடத்துக்கு வருவோம்.

கலங்கிய தண்ணீரில் களிமண் பொடிகள் மிதக்கின்றன. ஒவ்வொரு பொடியின் மேலும் எதிர் மின்சாரம் இருக்கிறது. ஒரே வகை மின்சாரம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால் பொடிகள் கிட்ட நெருங்குவதில்லை, திரள்வதில்லை, அடியில் இறங்குவதும் இல்லை. குடத்தை இரவு முழுதும் வைத்தாலும் கலங்கலாகவே இருக்கும்.

படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. அதன் எலக்ட்ரான் 13. வரிசை 2, 8, 3. கடைசி மூன்றையும் கொடுத்துவிட்டால், அதனிடம் மூன்று மடங்கு நேர் மின்சாரம். அது களிமண்ணின் எதிர் மின்சாரத்தை அடக்கிவிடுகிறது. சண்டை போட்ட பொடிகள் ஒன்று சேர்கின்றன. அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து பஞ்சு போன்ற பொருளாகவும் மாறுகிறது. அந்தப் பஞ்சு மிச்சச் சேற்றையும் வலைபோட்டு வாரிக்கொண்டு கீழே இறங்குகிறது.

"உப்பைப் போட்டாலும் தெளியுமா?" தெளியும். ஆனால் நிறையப் போட வேண்டும். அப்புறம் தண்ணீரைக் குடிக்க முடியாது! 1882-ல் ஷூல்ட்ஸ், 1900-ல் ஹார்டி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். கலங்கலைத் திரளச் செய்யும் வல்லமை, கை கூடக் கூடப் பல மடங்காகப் பெருகுகிறது என்று கண்டார்கள். இரண்டு கைக்கு இரண்டு மடங்கு, மூன்று கைக்கு மூன்று மடங்கு என்று நினைக்காதீர்கள். மூன்று கைக்காரரின் வல்லமை ஒரு கைக்காரரைவிடப் பல நூறு மடங்கு! அதனால்தான் ஆயாவுக்குக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றினால் போதுமாக இருந்தது. நகரங்களின் பெரிய குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் படிகாரத்தைக் கொண்டே சேற்றைப் படிய வைக்கிறார்கள்.

இன்னும் கேளுங்கள். ஆரணியாறு மழைக்காலத்தில் சேற்றை அள்ளிக்கொண்டு பழவேற்காடு ஏரிக்கு வருகிறது. நல்ல தண்ணீரில் மிதந்து வந்த களிமண், ஏரியின் உப்புத் தண்ணீரைத் தொட்டதும் திரண்டு படிகிறது. ஆற்றின் வேகம் குறைவது ஒரு காரணம். உப்பில் உள்ள ஒரு கை, இரண்டு கைக்காரர்கள் இன்னொரு காரணம். ஏரி தூர்ந்துபோகிறது என்று மீனவர்கள் கவலைப்படுகிறார்களே, அந்தக் கவலையிலும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது!

அட்டவணை எப்போது வந்தது?

சரித்திரத்தைப் புரட்டினால் ஓர் உண்மை தெரியும். மனிதன் முதலில் பொருளைப் பார்த்தான். எடை போட்டான். கலந்து பார்த்தான். 1852-ல் பிராங்க்லாந்து என்ற ஆங்கிலேயர், ஒவ்வொரு தனிமத்துக்கும் மற்றவற்றோடு சேர ஓர் அளவு உண்டு என்று எழுதினார். அப்போது எலக்ட்ரான் என்ற பெயரே கிடையாது!

1869-ல் ருஷ்ய நாட்டு மெண்டலீவ், அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களை வரிசைப்படுத்தி அட்டவணை போட்டார். சில இடங்களைக் காலியாக விட்டார். "இங்கே ஒரு தனிமம் வரும்" என்றார். அலுமினியத்துக்கு அடுத்த காலி இடத்துக்கு "ஏக அலுமினியம்" என்று பெயர் வைத்தார். நமக்குத் தெரிந்த அதே வடமொழி "ஏக"தான்! 1875-ல் காலியம் என்ற தனிமம் அகப்பட்டது. அவர் சொன்ன இடத்தில் பொருந்தியது.

எலக்ட்ரானை 1897-ல்தான் தாம்சன் கண்டுபிடித்தார். எலக்ட்ரான்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன என்ற படத்தை 1913-ல் போர் தந்தார். கடைசி வரிசைக்கும் கை கோப்பதற்கும் உள்ள உறவை 1916-ல் லூயிஸ், காசல் இருவரும் தனித்தனியே விளக்கினார்கள்.

முதலில் பொருள், பிறகு எண், பிறகு அட்டவணை, கடைசியில் எலக்ட்ரான். அறிவாளிகளுக்கே அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நாமோ பிள்ளைகளுக்குக் கடைசியில் வந்ததை முதலில் ஊட்டுகிறோம். பொருளைக் காட்டுவதே இல்லை. பிறகு, "பையன் மக்கு" என்கிறோம். இது நியாயமா?

வலை இழுப்பவனுக்கு எதற்கு?

சிலர் கேட்பார்கள்: "வலை இழுக்கப் போகிறவனுக்கு எலக்ட்ரான் எதற்கு ஐயா?"

நான் திருப்பிக் கேட்கிறேன்: அவனுக்குத்தான் முதலில் வேண்டாமா?

ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே குரோமியம் உப்புத் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை அதைக் கரைத்து நிலத்தடி நீரில் சேர்த்தது. குரோமியத்துக்கு இணைதிறன் ஒன்றல்ல. மூன்றும் உண்டு, ஆறும் உண்டு. தோல் பதனிடுவதில் பயன்படுவது மூன்று; அதன் நச்சு குறைவு. ஆறு என்பதோ புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. அந்தக் கழிவில் இருந்து கசிந்தது ஆறு! தனிமம் ஒன்றே. எண்தான் வேறு. அந்த எண்ணில் உயிர் ஊசலாடுகிறது.

பசியாவரத்தின் தெற்கே எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன, ஆலைகள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் பெருமழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. படகும் வலையும் பாழாயின. மீனவர் பிழைப்புக் கெட்டது. இப்படி ஏதாவது நடக்கும்போது அதிகாரிகள் தண்ணீரைச் சோதிப்பார்கள். அறிக்கை வரும். அதில் தனிமங்களின் பெயரும் எண்ணும் இருக்கும். அந்தத் தாளைப் படித்து, "இது மூன்றா, ஆறா?" என்று கேட்க ஊரில் ஒரு பிள்ளை வேண்டாமா? கேட்கத் தெரிந்தவன் ஊரை ஏமாற்ற முடியுமா?

படகுக்குப் போவது இழிவு அல்ல. மீனவனின் உழைப்பில் நாடே சாப்பிடுகிறது. ஆனால் பள்ளிக்கூடம் துரத்தியதால் ஒரு பிள்ளை படகுக்குப் போகக்கூடாது. படித்துவிட்டு, தன் விருப்பத்தோடு போகட்டும்!

என்ன செய்யலாம்?

"பாடம் முடிக்கவே நேரம் இல்லை" என்று ஆசிரியர்கள் சொல்லலாம். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நான் பாடத்தை மாற்றச் சொல்லவில்லை. பரீட்சையை எடுக்கச் சொல்லவில்லை. அட்டவணையைத் தொடும் முன்பு ஒரே ஒரு மணி நேரம் கேட்கிறேன்.

கலங்கிய தண்ணீர் இரண்டு டம்ளர். ஒன்றில் கொஞ்சம் படிகாரம் போடுங்கள். மற்றதைச் சும்மா விடுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும்.

மழைத் தண்ணீரில் சோப்பு. ஏரித் தண்ணீரில் சோப்பு. எது நுரைக்கிறது?

ஒரு சிப்பியை எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். குமிழி வருகிறதா? சிப்பியில் இருந்த கரியமிலக் காற்று அது.

ஆசிரியர் மட்டும், கவனமாக, சுடரில் ஒரு சிட்டிகை உப்புத் தூவட்டும். மஞ்சள் தெரியும்.

செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. அதன் பிறகு கரும்பலகையில் பந்தி வரிசையைப் போடுங்கள். பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று! உருப்போட வேண்டிய வேலையே இராது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "எனக்கு எழுத்துத் தெரியாது, நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்று சொல்லாதீர்கள். உங்களுக்குப் படிகாரம் தெரியும். சுண்ணாம்பு தெரியும். உப்பு தெரியும். பிள்ளை பாடம் படிக்கும்போது, "இது நம் வீட்டில் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வி போதும்.

அன்று பசியாவரத்தில் நான் அந்தப் பையனைக் குடத்தின் பக்கம் அழைத்தேன். பந்திக் கதையைச் சொன்னேன். அலுமினியத்துக்கு 13 என்றேன். அவன் விரல் விட்டு எண்ணினான். "ரெண்டு... எட்டு... மிச்சம் மூணு." சட்டென்று நிமிர்ந்தான். "சார்! அதான் மூணா?"

ஆயா சிரித்தார். "ஏன்டா, நான் தெனம் செய்றதுதான் உன் பாடமா? இத்தினி நாளா சொல்லவே இல்லியே!" என்றார்.

மறுநாள் பரீட்சையில் அவன் எத்தனை மார்க் வாங்கினான் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நான் படகில் ஏறும்போது அவன் திண்ணையில் உட்கார்ந்து தலையை ஆட்டவில்லை. படிகாரக் கட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. உங்கள் பிள்ளையும் வீட்டில்தான் இருப்பான். படிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்!